58 வயதில் ஓய்வு, கையில் 29 லட்சம்: கரையாமல் வைத்துக்கொள்வது எப்படி?

திருநின்றவூர் ஃபிட்டர் (ஆகஸ்ட் 29, 2025)

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 33 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தேன். 58 வயது முடிந்து, ஜூன் 30-ஆம் தேதி மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஜூலை 11-ஆம் தேதி பணிக்கொடை 7,23,000 ரூபாயும் விடுப்புச் சம்பளம் 1,17,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் ஏறின. ஜூலை 24-ஆம் தேதி வருங்கால வைப்பு நிதி 20,60,000 ரூபாய் வந்தது. ஆக மொத்தம் 29 லட்சம்.

மறுநாள் பாஸ்புக்கில் பதிந்து வாங்கி வந்தேன். என் மனைவி அந்தக் கடைசி வரியில் விரல் வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துவிட்டு, "இது முழுக்க நம்முடையதா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இனி மாதம் பிறந்தால் சம்பளம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சக் காலம் முழுவதற்கும் அந்த ஒரு வரிதான்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு. கடன் 2021-லேயே முடிந்துவிட்டது. மனைவிக்கு 53 வயது. ஒரே மகள், 26 வயது, வேலைக்குப் போகிறாள். இரண்டு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்ய வேண்டும். அதற்கு 6 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். நகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தொழிலாளர் ஓய்வூதியம் மாதம் 4,200 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு மாதம் 24,000 ரூபாய். இது உத்தேசக் கணக்கு அன்று. பதினைந்து ஆண்டுகளாக நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன். 29 லட்சம் தவிர, பழைய சேமிப்பு 1,60,000 ரூபாய் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. நிறுவனம் எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு ஓய்வு பெற்ற அன்றோடு முடிந்துவிட்டது.

இப்போது மூன்று பக்கமும் இழுக்கிறார்கள். பணம் ஏறிய நான்காம் நாளே வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் கட்டினால், பத்தாம் ஆண்டிலிருந்து உத்தரவாத வருமானம் என்று ஒரு காகிதம் காட்டினார்கள். "வைப்புத்தொகை மாதிரிதான், அதைவிட நல்லது" என்றார் அந்த அதிகாரி. மூத்த குடிமக்கள் திட்டம் பற்றிக் கேட்டேன். "அது 60 முடிந்தவர்களுக்கு. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு பக்கம் என் சகலை. ஒரு நிதி நிறுவனத்தில் 5 லட்சம் போட்டு, லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் பதினொரு மாதமாக வாங்குகிறார். நானும் போட்டால் மாதம் 58,000 வருமாம். அந்தக் கணக்கைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது, பட்டாபிராமில் ஒரு சிறு பட்டறைக்காரர் வாரம் மூன்று நாள் வரச் சொல்கிறார். மாதம் 9,000 ரூபாய் தருவாராம். "இத்தனை வருடம் உழைத்தது போதாதா?" என்கிறார்கள் உறவினர்கள்.

எனக்குப் பெரிய வட்டி வேண்டாம். முதல் குறையக் கூடாது. நான் இல்லாவிட்டாலும் என் மனைவி யாரையும் கெஞ்சாமல் பணத்தை எடுக்க முடிய வேண்டும். 29 லட்சமும் இன்றுவரை அதே சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


கோவைக் கணக்கர்

வணக்கம் ஐயா. தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வரி. உங்கள் கைக்கு வந்த 29 லட்சத்துக்கு வரி இல்லை. பணிக்கொடைக்கு 20 லட்சம் வரையும், விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் வரையும் விலக்கு உண்டு. இத்தனை ஆண்டு வேலை பார்த்த பிறகு வரும் வைப்பு நிதிக்கும் வரி கிடையாது. இனி வரப்போகும் வட்டிதான் வருமானம். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் அந்தக் கவலையும் வேண்டாம். ஆனால் 60 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு ஓராண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கணக்குத் தொடங்கும்போதும், பிறகு ஒவ்வோர் ஏப்ரலிலும், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வங்கியில் எவ்வளவு வைக்கலாம் என்பது. வங்கி முடங்கினால் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் தரும். 2020 பிப்ரவரி 4-க்கு முன்பு வரை அது 1 லட்சமாகவே இருந்தது. இந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்ந்தது. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குத்தான்; வேறு வேறு வங்கியாக இருக்க வேண்டும். பெரிய அரசு வங்கி நாளைக்கே விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே கணக்கில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நிதி நிறுவனங்கள் இவற்றில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு அறவே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கி காட்டிய அந்தக் காகிதம் ஆயுள் காப்பீட்டு பாலிசி. ஐந்து ஆண்டுகளுக்கு 5 லட்சம் வீதம் 25 லட்சம் கட்டிவிட்டால், மகள் கல்யாணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் எங்கே போவீர்கள்? இடையில் நிறுத்தினால் கட்டிய பணமே முழுதாகத் திரும்பாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.


விருதுநகர் வாத்தியார்

அந்த மாதம் 2,000 ரூபாய் பற்றி மட்டும் பேச வந்தேன்.

நான் 2019-இல் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது என்ற தைரியத்தில், கைக்கு வந்ததில் 8 லட்சத்தை ஒரு நிறுவனத்தில் போட்டேன். லட்சத்துக்கு மாதம் 1,500 ரூபாய். முகவராக வந்தவன் என் அக்காள் மகன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. பதினான்கு மாதம், தேதி தவறாமல் பணம் வந்தது. அந்த ஒழுங்குதான் என்னை நம்பவைத்தது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி காலையிலேயே செல்பேசி மணியடிக்கும்.

பதினைந்தாம் மாதம் அடிக்கவில்லை. மூன்று நாள் பொறுத்துவிட்டு மதுரையில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு வெள்ளைத் தாளில் 'கணினிப் பழுது காரணமாக மூன்று நாள் விடுமுறை' என்று எழுதி, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். தாள் மழையில் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. மூன்று நாள் விடுமுறை என்று ஒட்டிய தாள் எத்தனை நாள் பழையது என்று அப்போதுதான் உறைத்தது. வாசற்படியில் என்னைப் போல் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலர் கையில் பச்சை நிறத்தில் ஒரே மாதிரி பத்திரம்.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். முதலீட்டாளர் பாதுகாப்புக்காகத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் முடக்கும் அளவுக்குச் சொத்து மிச்சம் இருக்க வேண்டுமே. இன்றுவரை எனக்கு வந்தது 1,10,000 ரூபாய். அக்காள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றுபோனதுதான் பணத்தைவிடப் பெரிய நட்டம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், உங்கள் சகலையிடமும் சொல்லுங்கள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24. அனுமதி பெற்றவன் தரக் கூடாததை ஒருவன் தருகிறான் என்றால் அவன் அனுமதி இல்லாதவன். அனுமதியின்றி வைப்பு வாங்குவதே 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குற்றம். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சகலையோடு சண்டை போட வேண்டாம். அவர் அசலை இப்போதே திருப்பிக் கேட்கட்டும். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் மாதத்தில்தான் அதைத் திரும்ப வாங்க முடியும்.


தஞ்சை அஞ்சலக அக்கா

தம்பி, முதலில் நாள்காட்டியை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் இருந்து, துணை அஞ்சலக அதிகாரியாக 2018-இல் ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வங்கியில் சொன்னது பாதிதான் சரி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 முடிந்தவர்கள் சேரலாம் என்பது பொது விதி. ஆனால் 55 முடிந்து 60 ஆகாத ஒருவர் பணி ஓய்வு பெற்றால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவரும் சேரலாம். முன்பு இது ஒரே மாதமாக இருந்தது. 2023 நவம்பரில்தான் மூன்றாக்கினார்கள். ஓய்வுப் பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போட முடியாது என்பதுதான் நிபந்தனை. உங்களுக்கு முதல் பணம் ஜூலை 11-ஆம் தேதி வந்திருக்கிறது. அப்படியானால் அக்டோபர் 10. வைப்பு நிதி 24-ஆம் தேதிதான் வந்தது, அதிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். முந்தைய தேதியை வைத்தே எண்ணுங்கள். அது போய்விட்டால் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கவுண்டரில் இருந்த காலத்தில் அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "யாரும் சொல்லலையேம்மா" என்பார்கள். என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

இந்தத் திட்டத்துக்கு இப்போது வட்டி 8.2 சதவீதம். சேரும் நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.5 சதவீதமாக இறக்கிவிட்டது. வங்கிகள் வைப்புக்கான வட்டியைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. அதனால் இன்று பூட்டி வைப்பது நல்லது. உங்கள் சேமிப்புக் கணக்கு 2.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 18 லட்சத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 280 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போகிறது.

ஏன் 18 லட்சம் என்று சொல்கிறேன். 29-ஐயும் இதில் போட்டுவிடலாம். உச்சவரம்பு 30 லட்சம். ஆனால் மகள் கல்யாணத்துக்கு நடுவில் எடுத்தால் தண்டம் பிடிப்பார்கள். ஓராண்டுக்குள் எடுத்தால் வாங்கிய வட்டியையே திருப்பிக் கழிப்பார்கள். இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் போகும், அதற்குப் பிறகு 1 சதவீதம். ஆகவே கல்யாணப் பணம் 6 லட்சத்தை இரண்டு ஆண்டு அஞ்சலக வைப்பில் தனியாகப் போடுங்கள். 7 சதவீதம் கிடைக்கும். அவசரத்துக்கு 2 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். உங்கள் பழைய 1,60,000 ரூபாயும் அதோடு சேரட்டும். மிச்சம் 3 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், 7.4 சதவீதத்துக்கு, உங்கள் மனைவி பெயரில் மட்டும் போடுங்கள். மாதம் 1,850 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கில் நேராக விழும். வரிக் கணக்கில் அது உங்கள் வருமானமாகவே சேரும். வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள், பரவாயில்லை. தபால் நிலையத்தில் போடும் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. 5 லட்சம் என்ற வரம்பெல்லாம் அங்கே இல்லை.

18 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 ரூபாய் வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரித் தொடக்கங்களில் சேமிப்புக் கணக்கில் தானாக ஏறும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது; பலருக்கு இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்திருப்பார்கள். மாதக் கணக்கில் அது 12,300. மனைவி பெயரில் 1,850. ஓய்வூதியம் 4,200. ஆக 18,350 ரூபாய். உங்கள் செலவு 24,000.

துண்டு விழுவது 5,650 ரூபாய். தம்பி, இந்த இடத்தில்தான் மனிதர்கள் வழி தவறுகிறார்கள். பேராசையால் அந்த 2 சதவீதத்தில் போய் விழுபவர்கள் குறைவு. மாதம் ஐயாயிரம் போதவில்லை என்று போய் விழுபவர்கள்தான் அதிகம். பற்றாக்குறையை வட்டியால் அடைக்கப் பார்க்காதீர்கள். பட்டறைக்காரர் 9,000 தருகிறேன் என்கிறாரே, உடம்பு இடம் கொடுக்கிறவரை போங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலை, வாரம் மூன்றே நாள். உறவினர்கள் உங்கள் மளிகைக் கடனை அடைக்கப் போவதில்லை. துண்டு போக மாதம் 3,350 ரூபாய் மிஞ்சும்.

மருத்துவக் காப்பீட்டை இந்த மாதமே எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்த மூன்று ஆண்டு இன்றே ஓடத் தொடங்கட்டும். 29 லட்சத்தில் ஓட்டை போடக்கூடியது மருத்துவமனைதான்.

கடைசியாக, நீங்கள் மனைவியைப் பற்றி எழுதிய அந்த வரிக்காகவே நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காவிரிக் கரையில் ஒரு ஊரில் வேலை பார்த்தபோது ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். மஞ்சள் பையிலிருந்து ஐந்து பாஸ்புக்குகளை எடுத்து கவுண்டரில் அடுக்கினார். நான்கு அவர் கணவர் பெயரில் மட்டும். நான்கிலும் நியமனதாரர் (நாமினி) என்ற இடம் வெறுமையாக இருந்தது. "இதில் எல்லாம் இருக்கிறது, நான் போனால் போய்க் கேள் என்று சொன்னார்" என்றார் அந்த அம்மா. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. தொகை பெரியது. நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கிவர வேண்டியதாயிற்று. பதினான்கு மாதம். அதுவரை சொந்தப் பணத்துக்கு நடையாக நடந்தார். அந்த ஐந்தாவது பாஸ்புக், அவர் பெயரில் இருந்த சிறுசேமிப்பு, அதில் 11,000 ரூபாய் இருந்தது. அதை வைத்துத்தான் முதல் சில மாதங்களை ஓட்டினார். உங்கள் மனைவி பெயரில் 3 லட்சம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த ஐந்தாவது புத்தகம்.


கோவைக் கணக்கர்

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 24,000 செலவு பன்னிரண்டு ஆண்டில் 48,000 ஆகும். ஐயாவுக்கு அப்போது 70 வயது, அம்மாவுக்கு 65. வட்டியை முழுவதும் செலவழித்துவிட்டால் அசல் அப்படியே இருக்கும், ஆனால் அதன் பலம் பாதியாகிவிடும். அதற்காக ஒரு 3 லட்சத்தையாவது பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகள் எல்லாவற்றிலும் பணத்தைப் பிரித்துப் போடும் நிதி) பத்து ஆண்டு வைக்கலாமே?


தஞ்சை அஞ்சலக அக்கா

கணக்கர் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: இந்த 29 லட்சத்திலிருந்து வேண்டாம். சந்தை 3 லட்சத்தை 2 லட்சமாகக் காட்டும் ஒரு மாதம் எப்படியும் வரும். அந்த மாதத்தில் இவர் தூங்க மாட்டார், பயந்து எடுத்துவிடுவார். எடுத்த நட்டம் எடுத்ததுதான். "முதல் குறையக் கூடாது" என்று முதலிலேயே சொன்ன மனிதருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. 35 வயதுக்காரருக்கு நானே குறியீட்டு நிதியைச் சொல்வேன்.

ஆனால் விலைவாசிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும், அதில் நீங்கள் சொல்வது சரி. பட்டறைச் சம்பளத்தில் மிஞ்சும் 3,350 ரூபாயில் 3,000 ரூபாயை மாதாமாதம் கட்டும் அஞ்சலகத் தொடர் வைப்பில் போடட்டும். ஐந்தாண்டு, 6.7 சதவீதம். ஐந்து ஆண்டு முடியும்போது மூத்த குடிமக்கள் கணக்கும் முதிரும், இவருக்கு 63 ஆகியிருக்கும். தொடர் வைப்பில் சேர்ந்த பணத்தையும் சேர்த்துப் பெரிய தொகையாகப் புதிதாகப் போடலாம். மகள் கல்யாணம் முடிந்து, அந்த 6 லட்சத்தில் ஏதாவது மிஞ்சினால் ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டிப் பத்திரத்தையும் பாருங்கள். ஏழு ஆண்டு, இப்போது 8.05 சதவீதம். தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட எப்போதும் 0.35 கூட இருக்கும், அது ஏறினால் இதுவும் ஏறும். இறங்கினால் இதுவும் இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதில் நடுவில் எடுப்பதும் கடினம்.


திருநின்றவூர் ஃபிட்டர் (செப்டம்பர் 5)

அக்காவுக்கும், வாத்தியார் ஐயாவுக்கும், கோவைத் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா எழுதியதை அன்றிரவே மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அந்த மஞ்சள் பை அம்மாவின் கதை வந்ததும் அவள் எழுந்து போய்த் தன் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மகள் பள்ளியில் படித்தபோது தொடங்கியது. 340 ரூபாய் இருக்கிறது. "மாதம் 1,850 இதிலா வரும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புத்தகத்தை மூடாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய், மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேர ஓய்வு பெற்றதற்கான சான்றிதழ் கேட்டேன். அவர்கள் கொடுத்த தாளில் 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்று மட்டும் இருந்தது. ஓய்வுப் பணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாள் அலைந்து, ஓய்வு பெற்ற தேதி, வகித்த பதவி, பணிக்காலம், கொடுத்த பணம் எல்லாம் எழுதி முத்திரையோடு வாங்கிவிட்டேன். வங்கி அதிகாரியிடம் பாலிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் வாடினார். அவருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும். பட்டறையில் திங்கள், புதன், வெள்ளி வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

சகலையிடம் வாத்தியார் ஐயாவின் கணக்கைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். ஆனால் நேற்று அவர் மனைவி தொலைபேசியில் அந்தச் 'சசேத்' இணையதளத்தை எப்படித் திறப்பது என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகங்கள். என் மனைவியின் ஆதாரில் என் பெயரின் முதல் எழுத்து தலைப்பெழுத்தாக இருக்கிறது. பான் அட்டையில் அவள் அப்பாவின் எழுத்து. அஞ்சலகத்தில் ஏற்பார்களா? 18 லட்சத்தை எப்படிக் கொண்டுபோவது?


தஞ்சை அஞ்சலக அக்கா

மனம் நிறைந்துவிட்டது தம்பி.

பணமாகக் கொண்டுபோகவே கூடாது. இந்தத் திட்டத்தில் 1 லட்சத்துக்கு மேல் என்றால் காசோலைதான். காசோலை பணமாகும் நாளைத்தான் கணக்குத் தொடங்கிய நாளாகக் கொள்வார்கள். அதனால் அக்டோபர் 8-ஆம் தேதி போய் நிற்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். காசோலையில் உள்ள கையெழுத்து வங்கியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து பொருந்தாமல் திரும்பி வரும் காசோலைகள் ஏராளம்.

தலைப்பெழுத்துக்கு ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவதுதான் நல்லது. ஒன்றைத் திருத்த விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் கணக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் 18 லட்சத்தை முதலில் போடுங்கள், நியமனதாரராக அவர் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். அவருடைய மாத வருமானக் கணக்குக்குக் கெடு இல்லை. பெயர் சரியானதும் தொடங்கலாம்.

இரண்டு புகைப்படம், ஆதார், பான், நிறுவனச் சான்றிதழ், பணம் ஏறிய தேதி தெரியும் பாஸ்புக் நகல், வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவம். எல்லாவற்றிலும் நகல் இரண்டு. பாஸ்புக் கைக்கு வந்ததும் நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். திங்கட்கிழமை உங்களுக்குப் பட்டறை. அன்று அஞ்சலகத்திலும் கூட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தக் கவுண்டர் என்று அவரும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.